பார்த்ததைத் திருப்பிக் கொடுக்கவும்

நூலகத்தில் இரவல் வாங்கிய எதையும் பதினான்கு நாளில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. சாவிக்காரருக்கும் கிடையாது, அடுத்தவர் ஸ்க்ரூடிரைவரைக்கூட சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுகிற ஒழுங்கான மனிதர் அவர். வாங்கியது புத்தகமாக இருந்திருந்தால் எந்த வம்பும் வந்திருக்காது. வாங்கியது வீடியோ. அதையும் பதினான்கு நாளில் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். எதை எடுத்து எப்படிக் கொடுப்பது என்று கேட்கப் போய்த்தான் மனிதர் மாட்டிக்கொண்டார்.

அவருடைய கடை பொது நூலகத்துக்கு நேர் எதிரே. கடை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று, ஒரு முக்காலி, சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், அவ்வளவுதான். மனைவிக்கு மருத்துவமனை சலவைப் பிரிவில் மதிய ஷிப்ட். ஒரே மகள், எட்டு வயது. ஐந்து வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவள் காதையும் கொண்டுபோய்விட்டது. காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தார்கள். ஒரே வருஷத்தில் கையால் பேசக் கற்றுக்கொண்டு, வீட்டிலேயே பெரிய வாயாடி ஆகிவிட்டாள். காலையில் அவளைக் கொண்டுவிடப் போகும் அம்மாவும் பின்வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். வீட்டில் இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார்கள். திடீரென்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சாவிக்காரருக்குத் தெரிந்தது 'சாப்பிடு', 'வா', 'தூங்கு'. இந்த மூன்றுக்குள் அடங்காத எதை மகள் சொன்னாலும் சிரித்த முகத்தோடு தலையை ஆட்டிவிடுவார்.

அப்படித்தான் ஒருநாள் அவள் கடைக்கு ஓடிவந்து மூச்சிரைக்க என்னவோ கேட்டாள். அவர் தலையாட்டினார். மறுபடியும் கேட்டாள். இன்னும் பலமாக ஆட்டினார். பிஸ்கட் கேட்கிறாள் போலிருக்கிறது என்று ஒரு பாக்கெட் வாங்கியும் கொடுத்தார். அவள் கேட்டது பிஸ்கட் இல்லை. பள்ளி நாடகத்தில் எனக்குச் சிங்க வேஷம், வியாழக்கிழமை மூன்று மணிக்கு, நீ வருவாயா என்று கேட்டிருக்கிறாள். இரண்டு தடவை தலையாட்டிய அப்பா, வியாழக்கிழமை மூன்று மணிக்கு யாருடைய சைக்கிள் பூட்டையோ அறுத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஷிப்ட். சிங்கம் பாயவேண்டிய இடத்தில் பாயாமல், மேடை விளிம்புக்கு வந்து கண்மேல் கைவைத்துக் கூட்டத்தில் ஆளைத் தேடிக்கொண்டிருந்ததாம். ஆசிரியை பிறகு சொன்னார்.

அன்றிலிருந்து மகள் அவரிடம் கையைத் தூக்குவதில்லை. முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள், போய்விடுவாள். சாவிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. கற்றுக்கொண்டே தீருவது என்று கிளம்பினார். முதலில் மனைவியிடம் போனார். ஐந்தாவது நிமிஷம் சண்டை.

"வாயால சொன்னதையே பதினோரு வருஷமா கேக்காத மனுஷன், கையால சொன்னா மட்டும் கேட்டுடப் போறீங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

போனில் தேடிப் பார்த்தார். வேறு ஏதோ தேசத்தில் யாரோ சொல்லிக்கொடுத்த வீடியோவில் 'நன்றி' கற்றுக்கொண்டுபோய் மகளிடம் காட்டினார். சைகை மொழி நாட்டுக்கு நாடு வேறு என்பது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்? அவர் காட்டியது அவள் பள்ளியில் 'மூக்கைத் துடை' என்று பொருள்படுமாம். மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கடைசியில் கைகொடுத்தது கடைக்கு எதிரே இருந்த நூலகமே. அங்கே இரவல் மேசையில் தேதி முத்திரை குத்துகிற எழுத்தர் ஒருத்தி இருந்தாள். ஊரே அவளை முத்திரை அக்கா என்று கூப்பிடும். சாவிக்காரரைவிட ஏழெட்டு வயது சின்னவள். இருந்தாலும் அவரும் 'அக்கா' என்பார், அவளும் பதிலுக்கு 'அண்ணே' என்பாள். அவளுடைய தம்பிக்குக் காது கேட்காது. அதே பள்ளியில் படித்தவன். தம்பியின் மொழியை எல்லாரும் தெரிந்துகொள்ளட்டுமே என்று, இடைவேளைகளில் தன் மேசையிலேயே போனைச் சாய்த்துவைத்து, பத்துப் பாடங்கள் எடுத்து இணையத்தில் போட்டிருந்தாள். பாடத்துக்கு எட்டு நிமிஷம். காசு கிடையாது, கெடுபிடி கிடையாது. சாவிக்காரர் கடையில் உட்கார்ந்தபடியே நான்கு பாடம் முடித்தார். ஐந்தாம் பாடம் விலங்குகள். ஆறு, கடையும் தெருவும். ஏழு, தெரியும் தெரியாது புரியும் புரியாது. எட்டாம் பாடம்தான் அவர் எண்ணிக்கொண்டிருந்த பாடம்: 'கோபம், மன்னிப்பு, சமாதானம்'. அது வரைக்கும் போய்விட்டால் மகள் முன்னால் நின்று பேசிவிடலாம் என்று இருந்தார்.

அந்த நேரம் பார்த்து நூலகத் துறை விழித்துக்கொண்டது.

தலைமை அலுவலகத்தில் யாரோ அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். பாடத்தைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்திருக்கிறார்கள். நூலகத்தின் மேசை! 'நூலகத்துக்குச் சொந்தமான மேசையின் மீது தயாரிக்கப்பட்ட எதுவும் நூலகத்துக்குச் சொந்தம்' என்று சுற்றறிக்கை வந்தது. மேசை மீது டீ குடித்தவர்கள்கூட ஒரு நிமிஷம் திடுக்கிட்டார்கள். பத்து வீடியோவும் இணையத்திலிருந்து நீக்கப்பட்டு நூலக இருப்பில் சேர்க்கப்பட்டன. வீடியோ என்ற சொல்லும் அன்றோடு கட்டடத்துக்குள் தடை, இனிமேல் காணொளி. இவற்றைக் காப்பதற்கென்றே காணொளிப் பாதுகாவலர் என்று ஒருவரை நியமித்தார்கள். அதற்கு முன் பதினெட்டு வருஷம் பழைய செய்தித்தாளைக் கட்டிவைக்கும் பிரிவில் இருந்தவர். கட்டுவதைத் தவிர வேறு எதையும் நம்பாதவர்.

சாவிக்காரர் ஓடிப்போய் இரவல் கேட்டபோது, பாதுகாவலரே வாசலுக்கு வந்து வரவேற்றார்.

"நல்லவேளை வந்தீங்க. அலமாரிச் சாவி தொலைஞ்சு போச்சு. கொஞ்சம் திறந்து விடுங்க."

இரும்பு அலமாரி. புதுப் பூட்டு. சாவிக்காரருக்கு அரை நிமிஷ வேலை. திறந்தால் உள்ளே பத்துத் துணி உறை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புகைப்படம். ஒவ்வொரு படத்திலும் முத்திரை அக்கா கையைத் தூக்கியபடி நிற்கிறாள். பின்பக்கம் பதிவு எண், தேதிச்சீட்டு, அந்துருண்டை.

"வீடியோ எங்க சார்?"

"காணொளி. இதுதான்."

"இது போட்டோ சார்."

"முகப்புப் படம். பதிவு எண்ணை எதுலயாவது ஒட்டணுமில்ல? காணொளி மேல ஒட்டினா நிக்கல. ஓடிக்கிட்டே இருக்கு."

சாவிக்காரர் உறுப்பினர் அட்டையை நீட்டி ஐந்தாம் பாடம் கேட்டார். ஐந்தாம் பாடம் வெளியே போயிருக்கிறது, வேறொருவர் எடுத்திருக்கிறார், திரும்பி வந்ததும் தருகிறோம் என்றார் பாதுகாவலர்.

"அவர் பார்க்கும்போதே நானும் பார்க்கலாமே சார். வீடியோதானே? போன மாசம் வரைக்கும் அப்படித்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பாதுகாவலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனிதர் உண்மையிலேயே மனம் நொந்துபோயிருந்தார்.

"அதைத்தான் என்னால தாங்கவே முடியல. நாங்க கையில எடுக்கறதுக்கு முன்னாடி இதை நாலாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்திருக்காங்க. ஒருத்தராவது கையெழுத்துப் போட்டாங்களா? எங்கிருந்து வந்தாங்க, பார்த்துட்டு எங்க போனாங்க, ஒண்ணும் தெரியாது. இப்போ பாருங்க, போன வாரம் முழுக்க ஒரே ஒருத்தர். முகவரியோட இருக்கார்."

அந்த ஒரே ஒருத்தர், வாசிப்பு அறை மின்விசிறிக்கு அடியில் தினமும் தூங்க வருகிற ஒரு பெரியவர். புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுவார். வாங்கியதும் தூங்கிவிடுவார். ஐந்தாம் பாடத்தையும் பார்க்கத் தொடங்கியதுமே தூங்கிவிட்டதால் பார்த்து முடிக்கவில்லை, முடிக்காததால் திருப்பவில்லை. சாவிக்காரர் பதினான்கு நாள் காத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை இருமிப் பார்த்தார். அமைதி காக்கச் சொல்லி அவருக்கே எச்சரிக்கைச் சீட்டு வந்தது.

ஒருவழியாக முறை வந்தது. காணொளி பார்க்க ஒரு தனி அறை. ஒரு திரை, ஒரு மேசை, ஒரு நாற்காலி, பின்னால் பாதுகாவலர். ஒரு தடவைக்கு இருபது நிமிஷம். படம் ஓடத் தொடங்கியதும் முத்திரை அக்கா வரவில்லை. துறை இயக்குநர் வந்தார். ஒவ்வொரு காணொளிக்கும் அவருடைய முன்னுரை உண்டு என்று பாதுகாவலர் காதோடு சொன்னார். முன்னுரை பதினெட்டு நிமிஷம். பாடத்துக்கு மிஞ்சியது இரண்டு நிமிஷம். ஆக, ஒரு பாடத்தைப் பார்த்து முடிக்க நான்கு தடவை போகவேண்டும். நான்கு தடவையும் இயக்குநரின் குழந்தைப் பருவம் முதலிலிருந்து தொடங்கும்.

போகட்டும், அந்த இரண்டு நிமிஷமாவது உருப்படியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. திரையின் ஒரு மூலையில் நூலகத்தின் வட்ட முத்திரையை அழுத்தமாகப் பதித்திருந்தார்கள், யாரும் திருடிவிடாமலிருக்க. அது சரியாக முத்திரை அக்காவின் இடது கை மேல் உட்கார்ந்திருந்தது. சாவிக்காரர் வலது கையை மட்டும் பார்த்து, தானும் மெல்லக் கையை உயர்த்தினார்.

"கையைக் கீழே வையுங்க" என்றார் பாதுகாவலர். "அமைதி காக்கணும்."

"நான் சத்தமே போடலையே சார்."

"கண்ணுக்குச் சத்தமா இருக்கு."

கை மேசைக்கு அடியில் போயிற்று. அங்கேயே, யாருக்கும் தெரியாமல், தொடைமேல் சிங்கம் புலி கரடி எல்லாம் போட்டுப் பார்த்தார். வெளியே வரும்போது முத்திரை அக்கா வரிசையில் நின்றவர்களுக்குத் தேதி குத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏற்கெனவே ஒரு மெமோ வந்தாயிற்று: 'தங்கள் கைகளின் அசைவுகள் துறையின் இருப்பில் உள்ளவை, அனுமதியின்றி வெளியே பயன்படுத்தக் கூடாது.' அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. வலது கையால் முத்திரை குத்தினாள். இடது கை மட்டும் மேசை ஓரத்தில் சும்மா கிடப்பதுபோல் கிடந்து, திரையில் மறைந்துபோன மீதிப் பாதியைக் காட்டியது. கரடிக்கு இது. குரங்குக்கு இது. சாவிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேண்டாம் அக்கா. யாராவது பார்த்தா உன் வேலைக்கே உலை வெச்சுடுவாங்க" என்று கிசுகிசுத்தார்.

"நான் என்ன பண்ணேன் அண்ணே? கை மரத்துப் போச்சு, உதறிக்கிட்டேன்" என்றாள் அவள்.

இப்படி வலது கை உள்ளேயும் இடது கை வெளியேயுமாக ஐந்து, ஆறு, ஏழு முடிந்தன. எட்டு மாதப் பிள்ளைபோல் தப்பும் தவறுமாகத்தான், ஆனாலும் முடிந்தன. மகளிடம் இன்னும் வாய் திறக்கவில்லை, அதாவது கை திறக்கவில்லை. அரைகுறையாகப் போய் நின்று இன்னொரு மூக்கைத் துடைக்க வைத்துவிடுவோமோ என்ற பயம். எட்டாம் பாடம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அவள் முகத்தை ஒரு பார்வை பார்ப்பதும் போவதுமாக இருந்தாள்.

எட்டாம் பாடம் வாங்க வேண்டுமானால் ஏழாம் பாடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க ஒரு படிவம். 'கண்ட காணொளியில் எதையும் கண்ணிலோ கையிலோ மனத்திலோ வைத்துக்கொள்ளாமல் முழுமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.' சாவிக்காரர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"மனசுல வெச்சுக்கக் கூடாதுன்னா, அப்புறம் எதுக்கு சார் பார்க்கறது?"

"புத்தகம் எடுக்கறவங்க திருப்பிக் கொடுக்கறதில்லையா? அதே மாதிரிதான்."

"புத்தகத்தைக் கொடுத்தாலும் படிச்சது தலையில இருக்குமே சார்!"

பாதுகாவலர் பேனாவைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

"படிச்சது தலையிலதான் இருக்கும் சார். அதுக்குத்தானே படிக்கறாங்க."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்."

"இது…" பாதுகாவலர் குரலைத் தாழ்த்தினார். "இது எத்தனை நாளா நடந்துக்கிட்டிருக்கு?"

அன்று மதியமே தலைமை அலுவலகத்துக்கு அவசரக் கடிதம் போனது. நூலகம் தொடங்கித் தொண்ணூறு வருஷம். தொண்ணூறு வருஷமாக வாசகர்கள் அட்டையையும் தாளையும் மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்ததை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு சாவிக்காரர் வாய் தவறிச் சொல்லாமல் இருந்திருந்தால் இது வெளியே வந்தே இருக்காது.

நம்பினால் நம்புங்கள், அடுத்த வாரமே நிலுவை மீட்பு இயக்கம் தொடங்கிவிட்டது. வாசலில் மேசை போட்டார்கள். படித்தது எதுவும் நினைவில் இருப்பவர்கள் தாமாக முன்வந்து ஒப்படைக்கலாம். ஒரு சரித்திர ஆசிரியர் காலை பத்து மணிக்குச் சொல்லத் தொடங்கி, போர்களை மட்டும் ஒப்படைப்பதற்குள் மூன்று நாள் ஆகிவிட்டது. எழுதிக்கொண்டவர் விடுப்பில் போனார். ஒரு வழக்கறிஞர், நூலகத்தில் படித்த சட்டம் எதுவும் தன் நினைவில் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய கட்சிக்காரர்கள் அதை உடனே நம்பினார்கள். தூங்கும் பெரியவரைப் பாதுகாவலர் நேரில் சோதித்தார். முப்பது வருஷ உறுப்பினர், ஆயிரத்து நூறு புத்தகம் எடுத்தவர், தலையில் ஒரு வரி கிடையாது. ஆண்டின் சிறந்த வாசகர் விருது அவருக்கென்று அங்கேயே முடிவாயிற்று.

விருது விழாவுக்கு இயக்குநரே வருவதாகச் செய்தி வந்தது. விழாவில் சாவிக்காரருக்கும் ஒரு பங்கு இருந்தது. முறைகேட்டை வெளியே கொண்டுவந்தவர் என்பதால் அவருக்கு 'நிலுவையற்ற வாசகர்' சான்றிதழ். அதை வாங்கிய கையோடு எட்டாம் பாடம் கொடுக்கப்படும்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் பாதுகாவலர். "விழாவுல நான் உங்களைக் கவனிச்சுக்கிட்டே இருப்பேன். அஞ்சு, ஆறு, ஏழுல இருந்து ஏதாவது உங்ககிட்ட மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சா, எட்டு கிடையாது. அட்டையும் ரத்து. நம்ம நூலகம்னு இல்ல, எந்த நூலகத்திலயும் வாழ்நாளுக்கும் கிடைக்காது. ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துட்டுப் போங்க."

ஒன்றும் தெரியாத மாதிரி இருப்பதில் சாவிக்காரருக்கு நல்ல பழக்கம். சரி என்றார். குடும்பத்தோடு வரவேண்டும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. மனைவி விடுப்புக் கேட்டு வாங்கினாள். மகள் வரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா என்னவோ சொல்லி இழுத்து வந்தாள்.

முன்வரிசையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மகள் நடுவில். பக்கவாட்டில் நோட்டும் பேனாவுமாகப் பாதுகாவலர். மேடையில் சிறந்த வாசகர் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தார். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை.

"பெருமக்களே! காணொளி என்பது ஆபத்தான பொருள். ஒரு புத்தகத்தை ஒருவர் வைத்திருக்கும்போது இன்னொருவருக்கு அது கிடைக்காது. அந்தக் கிடைக்காமையில்தான் நூலகத்தின் கண்ணியமே இருக்கிறது. காணொளியையோ ஊரே ஒரே நேரத்தில் பார்க்கலாம். யாரும் காத்திருக்க வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். எல்லாருக்கும் எல்லாமும் கிடைத்துவிட்டால், கொடுக்க முடியாது என்று சொல்ல நாங்கள் எதற்கு?"

கைதட்டினார்கள். அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"தொண்ணூறு ஆண்டுகளாக நம் நூலகங்களிலிருந்து அறிவு கசிந்துகொண்டிருக்கிறது. அதைத் தடுத்து நிறுத்திய பெருமை என் காலத்துக்கே சேரும். நான் இந்தத் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு புத்தகத்தைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. பொதுச்சொத்தை நான் தொட்டதில்லை என்பதற்கு என் தலையே சாட்சி!"

மறுபடியும் கைதட்டல். முத்திரை அக்கா மட்டும் கதவோரம் நின்று, மரத்துப்போன கையை உதறிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி ஆயிற்று. மகளுக்குச் சலிப்புத் தாங்கவில்லை. பேச்சு அவளுக்குக் கேட்காது; அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பெரிய மனிதர் முக்கால் மணி நேரமாக வாயை அகலத் திறந்து திறந்து மூடுகிறார், முகத்தைக் கோணுகிறார், நடுநடுவே கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறார். அம்மாவின் முழங்கையை இடித்தாள்.

"அந்த மாமா பாவம்மா. பல் வலியா?" என்று கையால் கேட்டாள். "யாராவது டாக்டரைக் கூப்பிடக்கூடாதா?"

சாவிக்காரர் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார். 'மாமா' தெரியும். 'டாக்டர்' ஆறாம் பாடம். 'பல்' என்பது பல்லைத் தொட்டுக் காட்டியதுதான். மூன்றும் தலைக்குள் ஒன்று சேர ஒரு நொடி ஆயிற்று. சேர்ந்ததும் அடக்கமுடியாமல் ஒரு சிரிப்பு, வயிற்றிலிருந்து, 'புர்ர்' என்று கிளம்பி வந்துவிட்டது.

அரங்கம் திரும்பிப் பார்த்தது. இயக்குநர் நிறுத்தினார். பாதுகாவலர் பேனா மூடியைக் கழற்றினார்.

"எதுக்குச் சிரிச்சீங்க?" என்றார் பாதுகாவலர். "குழந்தை கையால என்னவோ சொல்லுச்சு. அதைப் பார்த்துச் சிரிச்சீங்க. புரிஞ்சுதா?"

"இல்ல சார். தொண்டை. ஏதோ புரையேறிடுச்சு."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார். இதெல்லாம் எனக்கு ஒண்ணும் புரியாது."

பாதுகாவலர் பேனாவை மூடப்போனார். எட்டாம் பாடம் துணி உறையோடு மேடை மேசையில் தயாராக இருந்தது. இன்னும் பத்து நிமிஷம் பொறுத்தால் கைக்கு வந்துவிடும். அப்போது அவர் தோளில் யாரோ தட்டினார்கள். மகள். மூன்று மாதமாக அவர் பக்கம் திரும்பாத கை. பிரகாசமான முகத்தோடு, ஒன்றும் பாதியுமாகத் தெரிகிறவருக்குக் காட்டுவதுபோல் மெதுவாக, அவள் கேட்டாள்.

"அப்பா, சிரிச்சியே. நான் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?"

சாவிக்காரர் மேடை மேசையைப் பார்த்தார். பாதுகாவலரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பதில் வரத் தாமதமாகத் தாமதமாக அவள் முகம் மெல்ல மெல்லப் பழையபடி ஆகிக்கொண்டு வந்தது. கை இறங்கத் தொடங்கியது. அந்தக் கை இறங்குவதை இன்னொரு தடவை பார்க்க அவரால் முடியாது. எழுந்து, எல்லாரும் பார்க்க, மகள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"புரிஞ்சுது" என்றார் கையால்.

"பாடம் ஏழு" என்று சொல்லி எழுதினார் பாதுகாவலர்.

"நீ கடைக்கு வந்தே. நீ கேட்டே. எனக்குப் புரியல."

"கடை, பாடம் ஆறு. புரியவில்லை, மறுபடியும் ஏழு."

"புரியாமலே தலையை ஆட்டினேன்." இதற்குச் சைகை தெரியவில்லை; தலையையே ஆட்டிக் காட்டினார். பாதுகாவலர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம இருப்பில் இல்லை" என்றார்.

மன்னிப்பு என்பதற்கு அவருக்கு இன்னும் சொல் கிடையாது. அது உறைக்குள் கிடந்தது. சாவி வெட்டி வெட்டிக் காய்த்துப்போன அந்த விரல்களை நீட்டினார். இருப்பதைக் கொண்டு சொன்னார்.

"நீ சிங்கம். நான் கழுதை."

"சிங்கம், பாடம் ஐந்து" என்றார் பாதுகாவலர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "கழுதை, பாடம் ஐந்து. ஐயா, இவர்கிட்ட எல்லாமே இருக்கு!"

மகள் அவரைக் கண்கொட்டாமல் பார்த்தாள். பிறகு அவர் இடது கையைப் பிடித்து, கழுதைக் காது சரியாக நிமிரவில்லை என்று திருத்தினாள். "கழுதை இப்படி" என்று காட்டினாள். அவர் அப்படியே செய்தார். "ஆமாம், நீதான்" என்றாள். கதவோரம் முத்திரை அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மனைவி அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

இயக்குநர் ஒலிபெருக்கியிலேயே உத்தரவு போட்டார்: அட்டை ரத்து, சான்றிதழ் ரத்து, நிலுவை முழுவதும் இங்கேயே இப்போதே ஒப்படைக்கப்பட வேண்டும். பாதுகாவலர் படிவத்தை நீட்டிக்கொண்டு பின்னாலேயே வாசல் வரை ஓடிவந்தார்.

"கையெழுத்தாவது போட்டுட்டுப் போங்க!"

"கை காலியா இல்ல சார்" என்றார் சாவிக்காரர்.

உண்மையிலேயே காலியாக இல்லை. படியிறங்கும்போதே மகள் தொடங்கிவிட்டாள். மூன்று மாதம் சேர்த்துவைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். பாதிக்கு மேல் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபடாத இடத்தில் இந்தத் தடவை தலையாட்டவில்லை. கையைக் காட்டி நிறுத்தினார், "புரியல, மெதுவா" என்றார். அவள் தலையிலடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். பிஸ்கட் நமத்துப்போய் இருந்தது. மூக்கைத் துடைக்கச் சொன்னாய். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவுவதில்லை. நடுத்தெருவில் நின்று குற்றப்பத்திரிகை வாசித்தாள். பூட்டிய கடை வாசலில் இரண்டு ஆட்கள் சாவிக்குக் காத்து நின்றார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கடைசியாக அவள் ஒன்று சொன்னாள்.

"நீ குறட்டை விடறேன்னு அம்மா சொல்றா. எனக்கு அது கேக்காது. ஆனா கட்டில் ஆடுது."

அவருக்கு அது ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரிந்தும், "இன்னொரு தடவை சொல்லு" என்று கை காட்டினார்.